கண்டோர், அளந்தோர், கால்பதித்தோர்

விண்வெளி விளையாட்டொன்றில் ஆய்வுமுறை மாறிய வரலாறு

(கந்தப்பளையிலிருந்து ஒரு பழைய மாணவர்)

நமது கல்லூரித் தாயின் விழாமலருக்கு விஞ்ஞானக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டெழுதியபோது, யான் எழுத எண்ணிய பொருள் வேறு. இப்பொழுது எழுதப் புகுந்த பொருள் வேறு. தேயிலைச் செடியைப் பீடிக்கும் கொப்புள நோயைப் பற்றி எழுதுவதென்றே முதலில் முடிவு செய்திருந்தேன். அம்முடிவை மாற்றியவன் என் தம்பியின் பேரன்.

மார்கழி மாதத்து இரவொன்றில் அது நிகழ்ந்தது. கந்தப்பளை கடல்மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட ஊர். மார்கழியில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்வீட்டு விளக்கும் கண்ணுக்குத் தெரியாது. விண்மீனைக் காண்பது எங்ஙனம்? அவ்விரவிலும் வானம் அடைத்துக் கிடந்தது. பையனோ கணினியின் முன் அமர்ந்து, காதிற் கருவியை மாட்டிக்கொண்டு, வேறோர் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தான். “தாத்தா, இந்தச் சத்தத்தக் கேளுங்க. இது தண்ணி நெறஞ்ச கிரகம். நான் இன்னும் கிட்டப் போகவே இல்ல” என்று கருவியை என் காதில் வைத்தான். ஆழ்ந்ததோர் ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் நீலநிறக் கோளொன்றின் உருவம் திரையில் தோன்றிற்று.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பௌதிகவியல் கற்பித்த எனக்கு வியப்புத் தாங்கவில்லை. கோளின் தன்மையைக் கண்ணாற் காணுமுன் அலையால் அறியும் முறையை ஒரு விளையாட்டு எங்ஙனம் கைக்கொண்டது? வினாவ வினாவ, அம்முறை தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று என்றும், இடையில் மாற்றியமைக்கப்பட்டதென்றும், அம்மாற்றத்தைக் குறித்து விளையாடுவோரிடையே பெரும் வாதம் எழுந்ததென்றும் அறிந்தேன். விளையாட்டு என்று தள்ளிவிடாது, அன்பர்கள் இதனைப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகின்றேன்.

விளையாட்டின் தோற்றம்

இங்கிலாந்திலே, கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழக மாணவராயிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இருவர் ஆக்கிய ‘எலீற்’ என்னும் கணினி விளையாட்டு 1984 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வெளிவந்தது. அது ஓடிய கணினியின் நினைவகம் 32 கிலோபைற்று மாத்திரமே; இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கும் அது போதாது. அச்சிறு இடத்தில் எட்டு அண்டங்களையும், ஒவ்வொன்றிலும் 256 விண்மீன் குடும்பங்களையும் அவர்கள் அடக்கினர். அவற்றின் விவரங்களை எழுதி வைத்து அடக்கினாரல்லர். சில வித்தெண்களிலிருந்து கணித விதிப்படி விவரங்கள் யாவும் வேண்டியபோது முளைக்குமாறு செய்தனர். ஒரே வித்து எப்பொழுதும் ஒரே மரத்தையே தருமாதலின், எத்தனை முறை சென்றாலும் அதே உலகம் அதே இடத்தில் இருக்கும்.

முப்பது ஆண்டுகளின் பின், 2014 டிசம்பர் 16 ஆம் நாள், பிரேபன் நிறுவிய புரொன்ரியர் டெவலப்மென்ற்ஸ் என்னும் நிறுவனம் ‘எலீற் டேஞ்சரஸ்’ என்னும் புதிய விளையாட்டை வெளியிட்டது. இதன் களம் நமது பால்வீதி முழுவதுமாகும். அளவு சுருக்கப்படாத பால்வீதி என்பது இதன் சிறப்பு. ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் குடும்பங்கள் இதில் உள. வானியலாளர் பட்டியலிட்ட மெய்யான விண்மீன்கள் ஒன்றரை இலட்சம் அளவில் அவற்றின் மெய்யான இடங்களிலேயே வைக்கப்பட்டன. எஞ்சியவற்றைப் பௌதிக விதிகளைத் தழுவிய கணக்குமுறை படைத்தது.

40,000 கோடி என்பதை மனத்தில் இருத்துவது எளிதன்று. செக்கனுக்கு ஒரு குடும்பமாக உறக்கமின்றிப் பார்த்துக்கொண்டே போனாலும் பார்த்து முடிக்க 12,000 ஆண்டுகளுக்கு மேற் செல்லும். விளையாட்டு வெளிவந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின் ஆக்கியோர் கணக்குப் பார்த்தபோது, பல இலட்சம் பேர் கூடித் தேடியும் ஆயிரத்தில் ஒரு பங்கு முடியவில்லை. ஆகவே இவ்விளையாட்டில் வணிகம் செய்வோரும் போர் செய்வோரும் இருப்பினும், எவரும் காணாத உலகத்தைக் கண்டு வருவதே தொழிலாகக் கொண்டோர் ஒரு தனிக்கூட்டமாயினர். ஆய்வுப்பயணிகள் என்று அவர்களை அழைப்போம்.

பழைய முறை

முதல் நான்கு ஆண்டுகளும் ஆய்வுப்பயணம் நடந்த முறை இது. பயணி தன் கலத்தில் துழாவுங்கருவி ஒன்றை விலைகொடுத்துப் பொருத்திக்கொள்வான். அது மூன்று தரத்தது. கடைத்தரக் கருவி 500 ஒளிநொடித் தூரம் எட்டும். ஞாயிற்றிலிருந்து பூமிக்கு ஒளி வந்துசேர ஏறத்தாழ 500 செக்கன் ஆகுமாதலின், அக்கருவியின் எல்லை நமக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட தூரமே என்று கொள்ளலாம். இடைத்தரக் கருவி அதன் இருமடங்கு எட்டும். தலைத்தரக் கருவிக்கு எல்லையே இல்லை.

புதிய குடும்பமொன்றிற் புகுந்ததும் பயணி அக்கருவியை முழக்குவான். தலைத்தரக் கருவியாயின் அக்குடும்பத்துக் கோள்கள் யாவும் ஒரே முழக்கத்தில் படத்தோடு வரைபடத்தில் தோன்றிவிடும். நீலமும் வெண்மையும் கலந்த கோள் உண்டா என்று ஒரு நோக்கு நோக்குவான். உண்டெனில் அதனை நாடிச் செல்வான். இல்லையெனில் அடுத்த விண்மீனுக்குத் தாவிவிடுவான். கோளின் விவரங்களை அறிய விரும்பினால் நேரே அதன் அண்மைக்குச் சென்று, கலத்தின் மூக்கை அதன்பால் திருப்பிக் காத்திருத்தல் வேண்டும்.

இக்காத்திருப்பு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நமக்கு அண்மையிலுள்ள அல்பா சென்ரோறி என்னும் விண்மீன் குடும்பத்தில், தலைமை விண்மீனிலிருந்து 0.22 ஒளியாண்டுத் தொலைவில் இவ்விளையாட்டிலே ஒரு தங்குநிலையம் வைக்கப்பட்டுள்ளது. அங்கே செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அவ்வளவு நேரமும் பயணி செய்வது நேர்கோட்டிற் பறப்பது ஒன்றே. ஆய்வுப்பயணத்திலும் இணைவிண்மீன் ஒன்று தொலைவில் இருந்துவிட்டால் இதே கதிதான். ஆகவே பலர் தொலைவிலுள்ள கோள்களை நாடவே இல்லை. முழக்கினர், படத்தைப் பார்த்தனர், தாவினர்.

2018 ஆம் ஆண்டின் மாற்றம்

2018 டிசம்பர் 11 ஆம் நாள் வெளிவந்த திருத்தத்தால் இம்முறை முற்றாக மாறிற்று. மாற்றத்தை மூன்று படிகளாக விளக்கலாம்.

முதலாவது படி முழக்கம். துழாவுங்கருவி இப்போது எல்லாக் கலங்களிலும் இயல்பாகவே அமைந்துள்ளது. தனியே வாங்க வேண்டுவதில்லை. ஆயின் முழக்கினால் கோள்களின் படம் தோன்றாது. இத்தனை பொருள்கள் இங்கே உள என்ற எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும். மலைநாட்டு அன்பர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். விடியலில் தப்படித்துப் பிரட்டுக்களத்துக்கு ஆட்களை அழைத்தால், எத்தனை பேர் வந்தனர் என்பது முதலில் தெரியும். இன்னார் இன்னார் என்பது பெயர் பதியும்போதுதான் தெரியும். முழக்கம் தலையை எண்ணுவது. பெயர் பதிவது அடுத்த படி.

இரண்டாவது படி நிறமாலைத் துழாவல். பயணி கலத்தின் விரைவைக் குறைத்து அதற்குரிய திரையைத் திறந்தால் அடிப்புறத்தில் நீண்டதோர் அளவுகோல் தோன்றும். பழைய றேடியோப் பெட்டியில் நிலையங்களைத் தேட முள் நகருமே, அத்தகையது. அக்கோலின் ஒரு முனையில் பாறைத்துண்டுக் கூட்டங்களுக்குரிய அலைகளும், மறுமுனையில் வியாழன் போன்ற வாயுப் பெருங்கோள்களுக்குரிய அலைகளும், இடையே பாறைக்கோள், பனிக்கோள், நீர்க்கோள், நமது பூமியை ஒத்த கோள் ஆகியவற்றுக்குரியனவும் அமைந்துள்ளன. ஒவ்வோர் இனத்துக்கும் அலையின் வடிவம் வேறு, ஓசையும் வேறு. முள்ளை ஓரிடத்திற் பொருத்தினால் அவ்வினக் கோள்கள் வானில் எத்திசையில் உள என்பது தெரியும். அத்திசையை நோக்கிக் குவியத்தை நெருக்கினால் கோள் தெளியும். அதன் பொருண்மை, வெப்பநிலை, வளி முதலியன பதிவாகும். இவ்வளவையும் கலம் இருந்த இடத்தில் இருந்தபடியே செய்யலாம். நாற்பது கோள் உள்ள குடும்பமாயினும் சில நிமிடங்களிற் கணக்கெடுத்துவிடலாம்.

மூன்றாவது படி நிலவரை. ஒரு கோளின் மேற்பரப்பை அறிய விரும்பினால் மாத்திரம் அதனருகே செல்லுதல் வேண்டும். அங்கிருந்து சிறுசிறு ஆய்கலங்களைக் கணை எய்வதுபோலக் கோளின்மீது எய்வர். ஒவ்வொன்றும் தான் விழுந்த இடத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியை வரைந்தனுப்பும். பத்தில் ஒன்பது பங்கு மூடப்பட்டதும் வரைபடம் நிறைவுறும். இதில் ஒரு நுட்பம் உண்டு. குறி தவறியதுபோலக் கோளின் விளிம்புக்கு அப்பால் எய்த கணை, அதன் ஈர்ப்பினால் வளைந்து மறுபுறத்திற் சென்று விழும். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தையும் இவ்வாறு வரையலாம். கோளின் பருமனுக்கேற்ப இத்தனை கணை என்று ஓர் அளவு குறிக்கப்பட்டுள்ளது. அவ்வளவுக்கு உட்பட்டு முடிப்போர்க்கு ஊதியம் கூடும். முன்னெல்லாம் எரிமலை வாயையோ வெந்நீர் ஊற்றையோ காண விரும்பினால் தரைக்கு அண்மையிற் பறந்து கண்ணாலே தேடி அலைதல் வேண்டும். வரைபடம் முடிந்த கோளில் அவ்விடங்கள் இப்போது குறிக்கப்பட்டுவிடுகின்றன.

மெய்யான வானாராய்ச்சியில்

இம்மாற்றம் விளையாட்டை மெய்யான வானாராய்ச்சிக்கு அண்மையிற் கொண்டுவந்தது என்பது என் துணிபு. வானியலார் கோளை நாடிச் சென்று அறிவாரல்லர். வந்துசேரும் ஒளியை விரித்துப் பார்த்தே அறிவர். 1868 ஓகஸ்ற் 18 ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரியகிரகணத்தைக் காணப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்கு வந்து நிறமாலைகாட்டியை அமைத்தார். அக்கிரகணத்தின்போதும் அதனையடுத்த மாதங்களிலும் அறிஞர் கண்ட மஞ்சள் வரையொன்றே ஹீலியம் என்னும் மூலகத்தை உலகுக்கு முதலில் அறிவித்தது. பூமியில் அம்மூலகம் கைக்கு அகப்பட்டது 27 ஆண்டுகள் கழித்து, 1895 இலாகும். ஞாயிற்றைத் தொடாமலே ஞாயிற்றில் உள்ள பொருளை அறிந்துவிட்டனர்.

1977 மார்ச் 10 ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையத்தார் அதனைக் கூர்ந்து நோக்கினர். கோள் மறைக்குமுன்னரே விண்மீனின் ஒளி குறைந்து மீண்டது. அவ்வாண்டு பல நிலையங்களில் இவ்வாறு கண்ட கண்காணிப்புகளால், யுரேனசுக்கு வளையங்கள் உண்டென்பது புலனாயிற்று. வொயேஜர் 2 என்னும் கலம் அக்கோளை அணுகி வளையங்களைப் படமெடுத்தது 1986 சனவரியில். ஒளியால் அறிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்தே ஒரு கலம் அருகே சென்றது.

சந்திரனிலும் இதே வரிசைதான். 2008 இல் இந்தியா அனுப்பிய சந்திரயான் 1 மேலே சுற்றிவந்து நிறமாலையால் நீரின் அடையாளத்தைக் கண்டது. 2009 இல் அச்செய்தி வெளியாயிற்று. 2023 ஓகஸ்ற் 23 இல் சந்திரயான் 3 தென்முனைப் பகுதியை அடுத்துத் தரையிறங்கிற்று. தொலைவிலிருந்து அறிதல், அணுகி அளத்தல், இறங்கி நிற்றல் என்னும் மூன்றும் வேறுவேறு தொழில். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

இழந்தது யாது?

எனினும் எல்லாரும் இம்மாற்றத்தை வரவேற்றாரல்லர். பழைய பயணிகள் சிலர் கூறிய குறை இரண்டு. ஒரே முழக்கத்தில் குடும்பம் முழுவதையும் படமாகக் கண்டு, வேண்டியதைத் தெரிந்தெடுத்துச் சென்ற உரிமை போயிற்று. இப்போது ஒவ்வொன்றாக முள்ளைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியுள்ளது என்பது ஒன்று. கோளை நாடிச் செல்லாமலே யாவும் அறியலாமெனின் அதற்குப் பயணம் என்னும் பெயர் எதற்கு என்பது மற்றொன்று.

முதற் குறையில் உண்மை உண்டு. ஆயின் ஒரு நோக்கில் தள்ளிவிட்டுப் போன உலகங்களை இப்போது பயணி ஒருமுறையேனும் நின்று கேட்கின்றான் என்பதும் உண்மை. பழைய முறையிற் சாம்பல்நிறக் கோளுக்கு எவரிடமும் மதிப்பில்லை, நீலக்கோளே வேண்டும். புதிய முறையில் அச்சாம்பற் கோளில் ஏதோ ஒன்று உண்டு என்று அலை சொல்லும். சென்று வரைந்தால், எவரும் காணாத ஊற்றொன்று அங்கே புகைந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது குறையே ஆராயத்தக்கது. ஒரு மணி நேரம் நேர்கோட்டிற் பறப்பது ஆராய்தல் ஆகாது. அது தொலைவைக் கடத்தல் மாத்திரமே. அதனைக் குறைத்ததால் ஆய்வு குறைந்துவிடவில்லை. திருத்தம் வந்து ஒரு மாதம் கழித்து, 2019 சனவரி 13 ஆம் நாள், 13,000 பேருக்கு மேற் பதிவுசெய்துகொண்டு, பால்வீதியின் மறுகரையிலே, நம்மிடமிருந்து ஏறத்தாழ 65,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பீகிள் முனையை நாடிக் கூட்டாகப் புறப்பட்டனர். வழி எளிதானமையால் எவரும் வீட்டில் இருந்துவிடவில்லை. ஆயினும் ஓர் இடர் உண்டு. தொலைவிலிருந்து அறிந்ததையே முழு அறிவு என்று மயங்குவதே அவ்விடர். அதனை விளையாட்டை ஆக்கியோரும் உணர்ந்திருந்தனர் போலும். பெயர் பொறிக்கும் முறையை அவர் மாற்றியதிலிருந்து இது விளங்கும்.

பெயர் யாருக்கு?

எவரும் முன்னர்க் காணாத கோளின் விவரத்தைக் கொணர்ந்து கொடுப்போர்க்கு, “முதலிற் கண்டவர் இன்னார்” என்று அக்கோளின் குறிப்பிலே பெயர் பொறிக்கப்படும். பின்னர் அங்கே வருவோர் யாவரும் அப்பெயரைக் காண்பர். 2018 வரை இருந்தது அவ்வொரு பெயர்தான். அவ்வாண்டுத் திருத்தத்தோடு “முதலில் வரைந்தவர்” என்னும் இரண்டாவது பெயரும் சேர்ந்தது. 2021 மே 19 இல் வெளிவந்த ‘ஒடிசி’ என்னும் விரிவால் பயணி கலத்தைவிட்டு இறங்கி நடக்கலாயினான். அன்றுமுதல் “முதலிற் கால்பதித்தவர்” என்னும் மூன்றாவது பெயரும் உண்டாயிற்று. அருகலான வளியையுடைய கோள்களில் வளரும் உயிரினங்களை நடந்தே தேடி, ஓரினத்துக்கு மூன்று மாதிரிகள், ஒன்றுக்கொன்று குறித்த தூரத்துக்கு அப்பால் எடுத்தல் வேண்டும். முள்ளைத் திருப்பியோ கணையை எய்தோ இதனைச் செய்தல் இயலாது.

ஒரே கோளில் மூன்று பெயர்கள் நிற்கலாம். கண்டவர் ஒருவர், அளந்தவர் ஒருவர், கால்பதித்தவர் ஒருவர். இம்மூவரும் ஒருவரல்லர் என்று ஒப்புக்கொண்டதே இம்மாற்றங்கள் யாவற்றினும் சிறந்ததென்பேன்.

மெய்யான வரலாற்றில் இவ்வொப்புதல் எளிதிற் கிடைப்பதன்று. சென்னை வானாய்வு நிலையத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867 இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874 இல் நிகழ்ந்த சுக்கிரன் இடைநகர்ச்சியைப் பற்றித் தமிழிலும் நூல் எழுதியவர் அவர். அவர் பெயரை இன்று நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

எங்கள் மலைகளுக்கு வருவோம். இம்மலைகளைக் கண்டவர் பெயர் நூல்களில் உண்டு. அளந்தவர் பெயர் நில அளவைப் படங்களில் உண்டு. தோட்டங்களின் பெயர்களே அவற்றை உடைமையாக்கியோர் பிறந்த நாட்டின் ஊர்ப்பெயர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, நடக்கையிற் பலரை இழந்து, இங்கு வந்து முதலிற் கால்பதித்துக் காட்டை வெட்டியோர் பெயர் எங்கும் இல்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர் வழிவந்தோரைக் குடிகளின் பட்டியலிலிருந்தும் விலக்கிற்று. அக்குறையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டுவரை ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்கள் வேண்டியிருந்தன. 2023 இல், இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றனர். அந்நடையை யான் ஒரு பெயர் பொறிப்பாகவே கருதுகின்றேன்.

திரும்பி வருதல்

விளையாட்டில் இன்னுமோர் விதி உண்டு, அது மாற்றப்படவில்லை. கண்டதும் அளந்ததும் கலத்தின் ஏட்டிலே இருக்கும்வரை அவற்றுக்கு மதிப்பில்லை. நிலையமொன்றுக்குத் திரும்பிவந்து ஒப்படைத்தால்தான் பெயர் பொறிக்கப்படும். வழியிற் கலம் அழிந்தால் யாவும் அழியும்.

இதனை என் பேரன் கண்ணீரோடு கற்றான். பள்ளி விடுமுறையில் மூன்று கிழமை அலைந்து நூற்றுக்கணக்கான கோள்களைப் பதிந்திருந்தான். திரும்பும் வழியில் ஈர்ப்பு மிகுந்த கோளொன்றில் இறங்க ஆசைப்பட்டான். கலத்தின் கனத்தை மதிக்கத் தவறி, தரையில் மோதி உடைந்தான். “ஒண்ணுமே மிச்சமில்ல தாத்தா. நான் பாத்தேன்னு சொல்ல எதுவுமே இல்ல” என்று அன்றிரவு உண்ணாது படுத்தான். விளையாட்டுத்தானே என்று தேற்ற எனக்கு வாய் வரவில்லை. ஏனெனில் அவன் வயதில் யானும் ஒன்றை இழக்க இருந்தேன்.

யான் நம் கல்லூரியிற் சேர்வதற்கான அனுமதிக் கடிதம் தபாலில் வந்து, எங்கள் தோட்டத்துக் கந்தோரில் பதினொரு நாள் கிடந்தது. உறையின்மேல் என் தந்தையார் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருந்தன; எந்த லயம், எந்தக் காம்பரா என்பது இல்லை. அப்படி எழுத ஒரு முகவரியும் எங்களுக்கு இருக்கவில்லை. தற்செயலாக அதனைக் கண்ட நல்லுள்ளம் படைத்த கணக்கப்பிள்ளையொருவர் கொணர்ந்து தராவிடின், இம்மலரில் எழுதும் தகுதி எனக்கு வாய்த்திராது. இன்று வானிலிருந்து எடுத்த படங்களில் எங்கள் லயத்துத் தகரக்கூரை ஒவ்வொன்றும் தெரிகின்றது. தொலைவிலிருந்து காண வேண்டியதெல்லாம் கண்டாயிற்று. ஆயின் அக்கூரையின் கீழ் இருப்போர்க்கு, தெருப்பெயரும் இலக்கமும் கொண்ட முகவரி இன்றும் பல தோட்டங்களில் இல்லை. முழக்கம் முடிந்தது, வரைதலும் நடத்தலும் எஞ்சி நிற்கின்றன.

ஆகவே பேரனுக்கு வேறொரு பயணத்தை யான் சொன்னேன். எவரும் திருத்தக்கூடிய பொதுநிலப்படம் ஒன்று இணையத்தில் உண்டு. 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ‘ஓப்பின் ஸ்ரீற் மப்’ என்பது அது. ஞாயிற்றுக்கிழமைகளிற் கைத்தொலைபேசியோடு இருவரும் நடந்தோம். லயங்கள், பிள்ளைக்காம்பரா, கோயில், குறுக்குப்பாதை, பீலி என ஒவ்வொன்றையும் மக்கள் வழங்கும் பெயராலே குறித்தோம்.

ஒருநாள், வேலையிலிருந்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் எங்களை நிறுத்தி என்ன செய்கின்றீர் என்று வினவினார். ‘ஏழாம் நம்பர் மலை’ என்று பையன் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். “அது தொர வச்ச நம்பரு. எங்க அம்மா ஊத்துமலைன்னுதான் சொல்லும். அடியில ஊத்து இருந்திச்சு” என்றார். ஊற்று வற்றிப் பல்லாண்டாயிற்று. அப்பெயர் எந்தப் படத்திலும் இல்லை. திரும்பிவராத கலத்தின் ஏடுபோல, அவ்வம்மையாரிடம் மாத்திரமே அது இருந்தது. பையன் அங்கேயே நின்று ‘ஊத்துமலை’ என்று பதிந்தான். “இத யாரு சொன்னாங்கன்னு போட எடமில்லையே தாத்தா” என்று வருந்தினான். அவன் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டான் என்று அறிந்தேன்.

நமது கல்லூரியில் இன்று பயிலும் இளைஞர்க்கு ஒரு சொல். கருவிகள் இன்னும் மாறும். தொலைவிலிருந்து காண்பது இன்னும் எளிதாகும். அதனால் உங்கள் வேலை குறைந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். கண்டபின் செய்ய வேண்டிய வேலைக்கு நேரம் கிடைத்ததென்று எண்ணுங்கள். அளவுங்கள்; நடவுங்கள்; கண்டதைப் பத்திரமாகக் கொண்டுவந்து ஒப்படையுங்கள். உங்களுக்கு முன் அங்கே கால்பதித்திருந்தவர் பெயரைக் கேட்டு, உங்கள் பெயருக்கு முன் எழுதுங்கள்.

கல்லூரித் தாய் நீடு வாழ்க!